லாரி நம்பரில் ஒரு கோடு: இண்டெக்ஸ் கெட்ட ஒரு நிகழ்வும், டேட்டாபேஸ்காரர்கள் தொழில் கற்கும் விதமும்

டேட்டாபேஸின் உள்வேலை தெரிந்தவர்கள் அந்தத் தொழிலை எங்கே கற்றார்கள் என்று அடிக்கடி கேட்கிறார்கள், பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆன பிள்ளைகள். கல்லூரியில் டிபிஎம்எஸ் என்ற டேட்டாபேஸ் பேப்பர் எல்லோரும்தான் எழுதினோம், இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்க வரிசைப்படுத்தி வைக்கும் பட்டியல்) கிளை கிளையாக அடுக்கப்படும் பி-ட்ரீ படம் வரைந்து மார்க்கும் வாங்கினோம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற சர்வர் கண்ணெதிரே இருக்கும் ஒரு ரோவை, அதாவது டேபிளில் உள்ள ஒரு பதிவை, "இல்லை" என்று சொல்லும்போது முதலில் எங்கே கை வைப்பது என்று அந்தப் பேப்பரில் யாரும் சொல்லித் தரவில்லை. இதற்குப் பொதுவாகப் பதில் சொல்வதைவிட, 2023-ல் பெங்களூரில் எங்கள் டீமில் நடந்த ஒரு கோளாறை முழுசாக எழுதுகிறேன். என்ன கெட்டது, எப்படிப் பிடித்தோம் என்பது ஒரு பாதி. பிடித்தவருக்கு அந்தக் கை எப்படி வந்தது என்பது மறுபாதி. எனக்கு அதுதான் பெரிசு.

நடந்தது

லாரி புக்கிங், வாடகை அட்வான்ஸ், டீசல் கார்டு எல்லாம் பார்க்கிற நிறுவனம், பெயர் வேண்டாம். ஆபீஸ் பெல்லந்தூரில், பெரிய யார்டு நெலமங்களா பக்கம். ஓசூர் வழியாக வரும் தமிழ்நாட்டு வண்டிகள் நிறைய என்பதால் சப்போர்ட்டில் ஆரம்பித்து டேட்டாபேஸ் வரைக்கும் தமிழ் ஆட்கள் அதிகம், டீமுக்குள் பேச்சே தமிழில்தான்.

எங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 13, உபுண்டு 18.04 என்ற லினக்ஸ் மேல் ஓடிக்கொண்டிருந்தது. 18.04-க்கான வழக்கமான சப்போர்ட் 2023 மே மாதத்தோடு முடிந்ததால் 22.04-க்கு மாற வேண்டிய கட்டாயம். எல்லோரும் செய்கிற வழியில்தான் செய்தோம்: 22.04 போட்ட புது மெஷினில் அதே போஸ்ட்கிரெஸ் 13, பழைய சர்வரிலிருந்து ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் (மாற்றங்களை உடனுக்குடன் நகல் எடுப்பது), ரெப்ளிகா என்ற அந்த நகல் முழுசாகப் பிடித்துக்கொண்டதும் ஒரு ஞாயிறு ராத்திரி அதையே ப்ரைமரி, அதாவது முதன்மை சர்வர், ஆக்கிவிட்டோம். போஸ்ட்கிரெஸ் வெர்ஷன் மாறவில்லை, ஸ்கீமா (டேபிள்களின் அமைப்பு) மாறவில்லை, அப்ளிகேஷனில் ஒரு வரி மாறவில்லை. சர்வர் நின்றது சில நிமிடம். திங்கள்கிழமை கிராஃப் எல்லாம் அமைதியாக இருந்தது.

அப்புறம் யார்டிலிருந்து போன் வர ஆரம்பித்தது. "இந்த வண்டி ரெஜிஸ்டரே ஆகலைன்னு காட்டுது சார், ஆனா போன வாரம் இதே வண்டிக்கு லோடு போட்டிருக்கோம்." யார்டில் இருப்பவருக்கு வேலை நடக்க வேண்டும், அதனால் வண்டியைப் புதிதாகப் பதிவு செய்கிறார், சிஸ்டமும் ஏற்றுக்கொள்கிறது. பயம் வந்தது இந்த இடத்தில்தான். வண்டி நம்பர் மேல் யுனிக் இண்டெக்ஸ் இருக்கிறது. இரண்டாவது தடவை அதே நம்பரை உள்ளே விடவே கூடாது. விட்டிருக்கிறது. ஒரே லாரிக்கு இரண்டு ரோ, அட்வான்ஸ் ஒன்றில் ஏறுகிறது, டீசல் இன்னொன்றில் கழிகிறது, டிரைவர் கணக்குக் கேட்டு நிற்கிறார்.

எல்லா வண்டிக்கும் இப்படி ஆகியிருந்தால் ஒரு மணி நேரத்தில் காரணம் தெரிந்திருக்கும். பெரும்பாலான வண்டிகள் ஒழுங்காக வந்தன. சிலது மட்டும் காணோம்.

முதல் ஊகங்கள்

கேஷ் என்றார் ஒருவர், க்ளியர் செய்தோம், மாறவில்லை. கிளவுட் டிஸ்க் கெட்டுவிட்டது என்றார் இன்னொருவர். அது நியாயமான சந்தேகம்தான், ஆனால் எங்கள் கிளஸ்டரில் டேட்டா செக்சம் போட்டிருந்தது. டிஸ்க்கில் டேட்டா எழுதப்படும் எந்தப் பக்கத்தில் ஒரு பிட் மாறியிருந்தாலும் படிக்கும்போதே போஸ்ட்கிரெஸ் கத்தியிருக்கும். ஒரு சத்தமும் இல்லை. பக்கங்களில் எழுதியது எழுதியபடியே இருந்தது.

டீமில் ஈரோட்டுக்காரத் தம்பி ஒருவர், கெட்டிக்காரர், சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. அவர்தான் முதலில் சரியான திசையில் ஒரு அடி வைத்தார். காணாமல் போன ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு, பிளானரிடம் (குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் பகுதி) இண்டெக்ஸ் வழியாகப் போகும் இண்டெக்ஸ் ஸ்கேன், பிட்மேப் ஸ்கேன் இரண்டையும் தவிர்க்கச் சொல்லிவிட்டு அதே குவெரியை ஓட்டினார். டேபிளை முதலிலிருந்து கடைசி வரை படித்து, ரோவைக் கொண்டுவந்து கொடுத்தது. இண்டெக்ஸ் வழியாகப் போனால் இல்லை, டேபிள் வழியாகப் போனால் இருக்கிறது.

"இண்டெக்ஸ் கெட்டிருக்குதுங்கண்ணா. ரீஇண்டெக்ஸ் போட்டா சரியாயிடும்."

ரீஇண்டெக்ஸ் என்பது இண்டெக்ஸை முதலிலிருந்து திரும்பக் கட்டுவது. அவர் அண்ணா என்று கூப்பிட்டது எங்கள் டீமின் மூத்தவரை. விருதுநகர்க்காரர். போஸ்ட்கிரெஸ் சோர்ஸில் (மூல நிரலில்) அவருடைய சின்னச் சின்ன பேட்ச்கள், அதாவது நிரல் திருத்தங்கள், உள்ளே போயிருக்கின்றன. அவர் சொன்ன பதில் இந்த முழு நிகழ்விலும் எனக்கு முக்கியமாகப் பட்ட வாக்கியம்: "சரியாயிடும்ப்பா. எதனால கெட்டுச்சுன்னு உன்னால மறுபடி கெடுத்துக் காட்ட முடியுமா? காட்டிட்டா போட்டுரலாம்."

அதற்காக யார்டைக் காக்க வைக்கவும் இல்லை. புது வண்டிப் பதிவை மட்டும் தற்காலிகமாக நிறுத்தினார், டிஸ்க்கின் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) ஒன்றை எடுத்து ஒதுக்கி வைத்தார், லைவ் சர்வரில் இரட்டை ரோக்களை ஒன்றாக இணைக்கும் வேலையை இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டார். தடயம் ஸ்னாப்ஷாட்டில் பத்திரம். ரீஇண்டெக்ஸை முதலிலேயே ஓட்டியிருந்தால் அந்தத் தடயம் அழிந்திருக்கும், அடுத்த மாதம் இன்னொரு சர்வரை மாற்றும்போது இதே கதை திரும்ப நடந்திருக்கும். நான் பார்த்த பல இடங்களில் வேலை நின்றுபோவது இந்தப் புள்ளியில்தான். அறிகுறி போனதும் டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள், கற்றிருக்க வேண்டியது டிக்கெட்டோடு மூடிப்போகிறது.

கெடுத்துக் காட்டுவது

அண்ணன் தம்பியிடம் கேட்ட முதல் கேள்வி: காணாமல் போன நம்பர்களுக்குள் ஒற்றுமை என்ன? எடுத்து வரிசையாகப் பார்த்தால், யார்டில் நம்பரை இரண்டு விதமாக அடித்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் "கேஏ52" என்று ஒட்டி, இன்னொருவர் "கேஏ-52" என்று நடுவில் கோடு போட்டு. காணாமல் போனவற்றில் பெரும்பாலானவை கோடு போட்டவை. மற்றவை ஒட்டி அடித்தவைதான், ஆனால் அதே ஆர்டிஓ-வின் கோடு போட்ட நம்பர்களுக்கு நடுவில் இருந்தவை. வெறும் முழு எண்களாலான ப்ரைமரி கீ (ஒவ்வொரு ரோவின் தனி அடையாளம்) இண்டெக்ஸ்களில் ஒரு பிசகும் இல்லை, டெக்ஸ்ட் இண்டெக்ஸ்கள் மட்டும்தான்.

இரண்டாவது, பழைய சர்வரை நாங்கள் இன்னும் அழிக்கவில்லை. மாற்றத்துக்கு முன் பதிவான அந்த வண்டியை அங்கே போய்த் தேடினால் இண்டெக்ஸ் வழியாகவே கிடைக்கிறது. ரெப்ளிகா என்பது பைட்டுக்குப் பைட் நகல். அந்தப் பக்கங்கள் இரண்டு பக்கமும் ஒன்றுதான், பதில் மட்டும் வேறு. அப்படியென்றால் கெட்டிருப்பது எழுதப்பட்ட விஷயம் இல்லை. அதைப் படிக்கிறவர் மாறியிருக்கிறார்.

அண்ணன் இதற்குள் ஊகித்துவிட்டார், ஆனால் சொல்லவில்லை. தம்பியிடம் ஒரு சின்னச் சோதனை மட்டும் கொடுத்தார். "1-1" என்றும் "11" என்றும் இரண்டே வரி. இரண்டு சர்வரிலும் ஷெல்லில் (லினக்ஸ் கட்டளைத் திரையில்), அமெரிக்க ஆங்கில லொகேலில் (மொழி, வட்டார அமைப்பில்), சாதாரண சார்ட் கட்டளையில் போடு. போஸ்ட்கிரெஸே வேண்டாம். பழைய சர்வர் 11-ஐ முதலில் கொடுத்தது, 1-1 அடுத்து. புது சர்வர் 1-1-ஐ முதலில் கொடுத்தது. தம்பி கொஞ்ச நேரம் இரண்டு விண்டோவையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் இது. எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்று போஸ்ட்கிரெஸ் தானாக முடிவு செய்வதில்லை, எங்களுடையதைப் போன்ற வழக்கமான அமைப்பில் அதை ஜிலிப்சியிடம் கேட்டுக்கொள்கிறது. ஜிலிப்சி என்பது லினக்ஸில் ஏறக்குறைய எல்லாப் புரோகிராம்களுக்கும் அடியில் கிடக்கும் சி நூலகம். 2018-ல் வந்த ஜிலிப்சி 2.28 இந்த வரிசை விதிகளைப் பெரிய அளவில் புதுப்பித்தது. முன்பெல்லாம் கோடு, புள்ளி மாதிரிக் குறிகளை முதல் சுற்று ஒப்பீட்டில் கண்டுகொள்ளாது, அதனால் கோடு போட்ட நம்பரும் போடாத நம்பரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். 2.28-க்குப் பிறகு கோடும் ஒரு எழுத்தாக எண்ணப்பட்டு எண்களுக்கு முன்னால் வருகிறது. உபுண்டு 18.04-ல் இருந்தது 2.27. 22.04-ல் 2.35.

பி-ட்ரீ தேடலுக்கு இருக்கிற ஒரே நம்பிக்கை வரிசைதான். கிரந்த எழுத்துகளைக் கடைசியில் அடுக்கிய அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு "ஜன்னல்" என்ற சொல்லைச் ச-வுக்குப் பக்கத்தில் தேடினால் கிடைக்காது. சொல் உள்ளே இருக்கிறது, தேடுகிறவர் நம்பும் வரிசை வேறு. எங்கள் இண்டெக்ஸில் நடந்ததும் இதுவே. "கேஏ-52" என்று தொடங்கும் நம்பரைத் தேடி மேல் பக்கத்திலிருந்து இறங்கும்போது, பிரியும் இடத்தில் "கேஏ52" என்று தொடங்கும் ஒரு நம்பர் இருந்தால், புது விதிப்படி கோடு சின்னது, ஆகவே இடப்பக்கம் போ என்கிறது. பழைய விதிப்படி அடுக்கிய ரோவோ வலப்பக்கம் இருக்கிறது. இறங்கும் வழியில் இப்படி ஒரு பிரிவு குறுக்கே வராத நம்பர்கள் எல்லாம் ஒழுங்காகக் கிடைத்தன. "சிலது மட்டும்" என்ற புதிருக்கு இதுதான் விடை. யுனிக் சோதனையும் அதே வழியில்தான் இறங்குகிறது, அதனால் அதுவும் தப்பான பக்கத்தில் பார்த்துவிட்டு "இடம் காலி" என்று சொல்லிவிட்டது.

இத்தோடு அண்ணன் விடவில்லை. இரண்டு ரோவில் காட்டு என்றார். தம்பி 18.04 கன்டெய்னர் (மெஷினுக்குள் தனித்து ஓடும் சின்ன லினக்ஸ் சூழல்) ஒன்றில் போஸ்ட்கிரெஸ் 13 ஏற்றி, ஒரு டேபிள், ஒரு டெக்ஸ்ட் காலம் (நெடுவரிசை), அதில் ஒரு இண்டெக்ஸ், "11", "1-1" என இரண்டு ரோ போட்டு, சர்வரை ஒழுங்காக நிறுத்தி, அந்த டேட்டா டைரக்டரியை அப்படியே 22.04 கன்டெய்னரில் மாட்டினார். "11" எங்கே என்று கேட்டார். வந்துவிட்டது. முகம் வாடிப்போனது. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "எக்ஸ்ப்ளைன் போட்டுப் பாரு" என்றார். பிளானர் எந்த வழியில் போகிறது என்று காட்டும் கட்டளை அது. இரண்டே ரோ உள்ள டேபிளுக்கு எந்த பிளானர் இண்டெக்ஸ் பக்கம் போவான்? சீக்வென்ஷியல் ஸ்கேனை (டேபிளை முழுசாகப் படிப்பதை) ஆஃப் செய்துவிட்டு மறுபடி கேட்டதும் பூஜ்யம் ரோ. சின்ன விஷயம் மாதிரி தெரியலாம். ஆனால் பிளானர் எதைத் தேர்ந்தெடுத்தது என்று பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது என்பது அந்த இடத்தில் அவருக்கு உறைத்த அளவுக்கு எந்த டிரெய்னிங்கிலும் உறைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பிறகு ஆம்செக். போஸ்ட்கிரெஸ் 10 முதல் கூடவே வருகிற எக்ஸ்டென்ஷன், பி-ட்ரீ பக்கங்களில் வரிசை ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்கும். ஸ்னாப்ஷாட்டில் ஓட்டினால் வண்டி நம்பர் இண்டெக்ஸில் வரிசை விதி மீறப்பட்டிருக்கிறது என்று பிழை வந்தது. ஓட்டுநர் உரிம எண், ஜிஎஸ்டி இன்வாய்ஸ் எண், டெலிவரி முகவரியில் கதவு எண் என்று இன்னும் யாரும் புகார் சொல்லாத சில இண்டெக்ஸ்களிலும் அதே பிழை. உடனே ரீஇண்டெக்ஸ் போட்டிருந்தால் புகார் வந்த அந்த ஒன்றுக்குத்தான் போட்டிருப்போம்.

சரிசெய்யும் வேலை நீளமானது, சொல்வதற்கு அதிகம் இல்லை. இரட்டை ரோக்கள் இருக்கிற வரை யுனிக் இண்டெக்ஸ் திரும்பக் கட்டப்படாது, பிழை சொல்லி நின்றுவிடும். அதனால் முதலில் எந்த ரோவை வைப்பது, அதைச் சுட்டும் அட்வான்ஸ், டீசல் ரோக்களை எப்படி மாற்றுவது என்று அக்கவுண்ட்ஸ் ஆட்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடிவு செய்தோம். இரட்டை ரோக்களைத் தேடுகிற குவெரி கெட்ட இண்டெக்ஸ் வழியாகவே போய்விடக்கூடாது என்று அதையும் சீக்வென்ஷியல் ஸ்கேனில்தான் ஓட்டினோம். அப்புறம் எல்லா டெக்ஸ்ட் இண்டெக்ஸ்களும் ரீஇண்டெக்ஸ் கன்கரண்ட்லி, மற்ற வேலைகளை நிறுத்தாமல் திரும்பக் கட்ட போஸ்ட்கிரெஸ் 12 முதல் இருக்கிற வசதி. கடைசியாக மறுபடி ஆம்செக்.

அந்தக் கை எங்கிருந்து வந்தது

அண்ணனுக்கு ஜிலிப்சி எப்படித் தோன்றியது? நான் கேட்டேன். 2016 என்றார். அந்த வருடம் மார்ச் கடைசியில் வந்த போஸ்ட்கிரெஸ் 9.5.2, சரங்களை (எழுத்துத் தொடர்களை) சுருக்கிய கீ-களை வைத்து வேகமாக அடுக்கும் ஒரு உத்தியை, வெறும் பைட் வரிசையில் அடுக்கும் 'சி' அல்லாத லொகேல்களுக்கு நிறுத்தியது. ஜிலிப்சியில் ஒரு சரத்தை உருமாற்றி ஒப்பிட்டால் வரும் பதிலும் நேரடியாக ஒப்பிட்டால் வரும் பதிலும் சில லொகேல்களில் ஒத்துப்போகவில்லை, அதனால் இண்டெக்ஸ் கெட்டது. அப்போது வேறு கம்பெனியில் இருந்த அவர் அந்த ரிலீஸ் நோட்டைப் படித்துவிட்டு, தன் சர்வரில் பாதிப்பு இருக்கிறதா என்று பார்த்ததோடு நிறுத்தாமல், அந்த கமிட்டை (சோர்ஸில் சேர்ந்த அந்த மாற்றத்தின் பதிவை) திறந்து, அது எந்தக் கோப்பைத் தொட்டது, ஏன் தொட்டது என்று ஜிலிப்சி வரை போய் வந்திருக்கிறார். ஏழு வருடம் கழித்து ஒரு யார்டில் லாரி காணாமல் போனபோது அந்தப் படிப்பு உதவியது.

இவருக்கு முறையான பயிற்சி எதுவும் கிடையாது. இரவு ஷிஃப்ட் சப்போர்ட்டில் ஆரம்பித்தவர். போஸ்ட்கிரெஸ் சோர்ஸுக்குள் கிடக்கும் ரீட்மீ என்ற விளக்கக் குறிப்புக் கோப்புகளைப் படித்தது தனக்குக் கல்லூரி மாதிரி என்பார். உண்மையிலேயே அவை சாதாரண ரீட்மீக்கள் இல்லை. பி-ட்ரீ டைரக்டரியில் இருப்பதை எடுத்துப் பாருங்கள்: லேமன், யாவ் இருவரும் 1981-ல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் ஆரம்பித்து, போஸ்ட்கிரெஸ் அதை எங்கே அப்படியே எடுத்திருக்கிறது, எங்கே விலகுகிறது, ஏன், எந்த லாக் (பூட்டு) எந்த வரிசையில் என்று போகும். பாடப்புத்தகத்தில் பி-ட்ரீ ஒரு சுத்தமான படம். இங்கே அது விதிவிலக்குகளின் பட்டியல், ஒவ்வொரு விதிவிலக்குக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் பட்ட பாடு இருக்கிறது. அதுபோக கிட் வரலாறு, சோர்ஸில் செய்த ஒவ்வொரு மாற்றத்தின் பதிவு. 2010-ல் சிவிஎஸ் என்ற பழைய பதிவு முறையிலிருந்து கிட்டுக்கு மாறியபோது பழையதையும் சேர்த்தே கொண்டுவந்ததால் 1996 வரை பின்னால் போய்ப் பார்க்கலாம். ஒரு வினோதமான வரியைப் பார்த்தால் அது எப்போது, என்ன காரணத்தோடு வந்தது என்று கமிட் குறிப்பு சொல்லும். நல்ல கமிட்டர்கள் அதை நீளமாகவே எழுதுகிறார்கள்.

நம் ஆள் ஒருவரின் உதாரணமும் அதே சோர்ஸில் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் 8.3-ல், 2008 பிப்ரவரியில் வந்த ஹாட் அப்டேட்டைக் கொண்டுவந்தவர் பவன் தியோலசி. இண்டெக்ஸ் உள்ள நெடுவரிசை எதுவும் மாறாத அப்டேட்டுக்கு, புது ரோவுக்கும் அதே பக்கத்தில் இடம் இருந்தால், இண்டெக்ஸைத் தொடாமல் முடிக்கும் வழி அது. எளிதாகக் கேட்கும், ஆனால் வேக்யூம் (பழைய ரோக்களைக் கூட்டித் தள்ளுவது), இண்டெக்ஸ் கட்டுவது, ஸ்னாப்ஷாட் (இங்கே, ஒரு குவெரி எந்த ரோக்களைப் பார்க்கலாம் என்ற கணக்கு) எல்லாவற்றோடும் மோதும். 2007 முழுக்கப் பல பேர் பார்த்து, கேள்வி கேட்டு, மாற்றி எழுதி, கடைசியில் போஸ்ட்கிரெஸின் மூத்த டெவலப்பர் டாம் லேன் அந்த செப்டம்பரில் கமிட் செய்தார். அதற்கென்றே ஒரு ரீட்மீ உண்டு. அதைப் படித்தால் அந்தக் கேள்விகள் எல்லாம் பதில் வடிவில் அப்படியே இருக்கும்.

டாம் லேனே டேட்டாபேஸ் ஆளாகத் தொடங்கியவர் இல்லை. போஸ்ட்கிரெஸுக்கு வருமுன் ஜேபெக் படங்களுக்கான லிப்ஜேபெக் நூலகத்தை நடத்தியவர். எங்கெங்கோ, எப்படிப்பட்ட கம்பைலரிலெல்லாமோ ஓட வேண்டிய சி நிரலை எழுதிப் பழகிய கை அது. போஸ்ட்கிரெஸின் இன்னொரு மூத்தவர் புரூஸ் மொம்ஜியன் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவர், சட்ட நிறுவனங்களுக்கு டேட்டாபேஸ் அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்தவர். எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸை எழுதிய ரிச்சர்ட் ஹிப், அமெரிக்கக் கடற்படைக் கப்பலுக்கான ஒரு மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார். டேட்டாபேஸ் சர்வர் நின்றுபோனால் தன் புரோகிராமும் சேர்ந்து படுத்துவிடுவதைப் பார்த்து, சர்வரே இல்லாமல் நேராக டிஸ்க்கைப் படித்தால் என்ன என்று 2000-ல் ஆரம்பித்தார். முதல் வெர்ஷன் ஜிடிபிஎம் என்ற எளிய சேமிப்பு நூலகத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. அடுத்ததற்குச் சொந்தமாக பி-ட்ரீ வேண்டும் என்றபோது கணினி அறிஞர் டொனால்ட் நூத்தின் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். தேடுவது, சேர்ப்பது அதில் இருக்கிறது. நீக்குவது பயிற்சிக் கேள்வியாக விடப்பட்டிருந்தது, அதை அவரே போட்டு முடித்தார்.

இவர்கள் எல்லோரிடமும் நான் பார்ப்பது ஒன்றுதான். தாங்கள் நிற்கிற தளத்துக்கு ஒரு அடுக்கு கீழே இறங்கத் தயங்கவில்லை. கையில் உடைந்த ஒன்றை வைத்துக்கொண்டு இறங்கினார்கள், அதனால் எங்கே பார்ப்பது என்று தெரிந்தது. ஆர்வத்துக்காக மட்டும் சோர்ஸ் படிக்கத் தொடங்கி முப்பதாவது பக்கத்தில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு குறிப்பிட்ட பக்கை (நிரல் கோளாறை) வைத்துக்கொண்டு இறங்கியவர் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை, பக் விடாது.

மூத்தவர்களின் நம்பிக்கையும் உடையும்

அனுபவசாலிக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தால் தப்பு. 2018-ல் போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் கிரெய்க் ரிங்கர் வெளியே கொண்டுவந்த எஃப்சிங்க் (எழுதியதை டிஸ்க்குக்குத் தள்ளச் சொல்லும் அழைப்பு) பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். செக்பாயின்ட் என்ற இடைநிலைச் சேமிப்பில், போஸ்ட்கிரெஸ் எழுதியதை டிஸ்க்குக்குத் தள்ளு என்று கர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதியிடம்) சொல்கிறது. தோற்றால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொல்கிறது. இரண்டாம் தடவை "ஆச்சு" என்று பதில் வந்தால் நம்பிவிடும். லினக்ஸிலோ, முதல் தடவை எழுதத் தவறிய பக்கங்களைக் கர்னல் சுத்தமானவை என்று குறித்துவிடுவதால் இரண்டாம் தடவை சும்மாவே வெற்றி என்று சொல்லிவிடும். எழுதியது எங்கேயும் போயிருக்காது. இருபது வருடம் இந்த நம்பிக்கையில்தான் ஓடியது, உலகத்திலேயே கவனமானவர்கள் என்று பெயர் எடுத்தவர்களின் நிரலில். 2019 பிப்ரவரி ரிலீஸ்களில் முடிவை மாற்றினார்கள்: எஃப்சிங்க் ஒரு தடவை தோற்றால் சர்வர் பேனிக் ஆகி விழுந்து, வாலிலிருந்து மீட்டுக்கொள்ளும். வால் என்பது மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் பதிவு.

எங்கள் கேஸின் காரணத்தோடும் அவர்கள் ரொம்ப நாளாக மல்லுக்கட்டுகிறார்கள். ஒவ்வொரு இண்டெக்ஸும் எந்த வரிசை வெர்ஷனில் கட்டப்பட்டது என்று குறித்து வைக்கும் வசதியை போஸ்ட்கிரெஸ் 14-க்காக உள்ளே கொண்டுவந்து, குறைகள் தெரிந்ததும் ரிலீஸுக்கு முன்பே, 2021 மே மாதம், வெளியே எடுத்துவிட்டார்கள். தன் பெயரில் உள்ள பெரிய வேலையைத் தானே திரும்ப எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த ரிவர்ட் கமிட்டைப் படிக்கச் சொல்லி அண்ணன் டீமில் எல்லோருக்கும் அனுப்பினார். 15-ல் கொஞ்சம் எளிமையாக வந்தது: டேட்டாபேஸ் உருவானபோது இருந்த வெர்ஷனும் இப்போதைய வெர்ஷனும் வேறு என்றால் கனெக்ட் ஆகும்போதே எச்சரிக்கை. நாங்கள் 13-ல் இருந்தோம், எங்களுக்கு அது கிடைக்கவில்லை. 2024-ல் வந்த 17, இயங்குதளத்தின் நூலகத்தை நம்பாத, உள்ளேயே கட்டிய ஒரு வரிசை முறையைச் சேர்த்திருக்கிறது.

கவனிப்புக்கு இன்னொரு உதாரணம், இது உலகத்துக்கே தெரிந்தது. 2024 மார்ச்சில் போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) ஓட்டத் தன் மெஷினை அமைதிப்படுத்திக்கொண்டிருந்தபோது எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து லாகின் செய்யும் வழி) தேவைக்கு மேல் சிபியு தின்பதைப் பார்த்தார். லாகின் 0.299 நொடியிலிருந்து 0.807 நொடி ஆகியிருந்தது. அரை நொடி! பெரும்பாலானவர்கள் நெட்வொர்க் மேல் பழி போட்டிருப்பார்கள். அவர் கீழே இறங்கிப் போய், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் யாரோ திட்டமிட்டு வைத்த பின்வாசலைப் பிடித்தார்.

இப்போது

எங்கள் டீமில் இரண்டு விஷயம் மாறியிருக்கிறது. டேட்டா தப்பாக வரும் எந்தக் கோளாறையும், மறுபடி கெடுத்துக் காட்டும் ஒரு சின்ன உதாரணம் இல்லாமல் மூடுவதில்லை. இதற்கு நேரம் ஆகிறது, மேனேஜர்களோடு சண்டையும் வருகிறது. நான் இதில் அண்ணன் பக்கம்தான், அந்த நேரம்தான் ஆட்களை உருவாக்குகிறது. இரண்டாவது, புது ஆட்கள் வந்ததும் பேட்ச் எழுதச் சொல்வதில்லை, மற்றவர்களின் பேட்ச்சை ரிவ்யூ செய்யச் சொல்கிறோம். போஸ்ட்கிரெஸில் கமிட்ஃபெஸ்ட் என்று வருடத்தில் சில மாதங்கள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றன, ஆள் எப்போதும் பற்றாக்குறை. பேட்ச்சைப் போட்டு, கம்பைல் செய்து, டெஸ்ட் ஓட்டி, எதை உடைக்கலாம் என்று பார்த்து எழுதினால் போதும், பெரிய ஆள் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஈரோட்டுத் தம்பி அப்படித்தான் உள்ளே போனார். முதலில் அனுப்பிய குறிப்புக்கு "எந்த லொகேலில் ஓட்டினீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார்கள்; அவரிடம் பதில் தயாராக இருந்தது.

உங்களிடம் 2.28-க்கு முந்தைய ஜிலிப்சி மேல் ஓடும் போஸ்ட்கிரெஸ் இன்னும் இருந்தால், இது உங்கள் பிரச்சினையும்தான். சென்ட்ஓஎஸ் 7-ன் ஆயுள் 2024 ஜூன் 30-ல் முடிந்தது, அதில் இருப்பது 2.17, அங்கிருந்து ஏறக்குறைய எதற்கு மாறினாலும் இந்தக் கோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஷெல்லில் அந்த இரண்டு வரி சார்ட்டை இரண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். வேறு வேறாக வந்தால், புது ரெப்ளிகாவை ப்ரைமரி ஆக்கும் முன்பே அதன் மேல் ஆம்செக்கின் பிடி இண்டெக்ஸ் செக் (bt_index_check) சோதனையை எல்லா டெக்ஸ்ட் இண்டெக்ஸ்களிலும் ஓட்டுங்கள். அது எடுக்கும் லாக் லேசானது, ரெப்ளிகாவிலேயே ஓடும். எக்ஸ்டென்ஷனை மட்டும் முன்கூட்டியே ப்ரைமரியில் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். பிழை வந்தால் ப்ரைமரி ஆக்கிய கையோடு, அப்ளிகேஷனை உள்ளே விடுமுன் ரீஇண்டெக்ஸ். அல்லது ரெப்ளிகா வழியை விட்டுவிட்டு டம்ப் (டேட்டாவைக் கோப்பாக வெளியே எடுப்பது) எடுத்து ஏற்றுங்கள், இல்லாவிட்டால் பைட் நகல் இல்லாமல் ரோ ரோவாக அனுப்பும் லாஜிக்கல் ரெப்ளிகேஷனில் மாறுங்கள். இரண்டிலும் இண்டெக்ஸ் புது மெஷினில் புது விதிப்படியே கட்டப்படும்.